நெதர்லாந்து போகும் பெங்களூர்க் குடும்பத்துக்கு ரீலொகேஷன் பேக்கேஜ்: எந்த மணிநேரம் உதவும், எது வீண்

ஐந்தோவனுக்கோ ஆம்ஸ்டல்வேனுக்கோ மாற்றல் என்று ஆஃபர் லெட்டர் வந்தால், கூடவே ஒரு பிடிஎஃப்பும் வரும். ‘ரீலொகேஷன் சப்போர்ட்’ என்று தலைப்பு போட்டிருக்கும். சாமான் ஏற்றிவிடுவோம், வீடு பார்த்துத் தருவோம், நகராட்சியில் பதிவு செய்து தருவோம், பள்ளி தேடித் தருவோம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். இதைச் செய்வது உங்கள் கம்பெனி அல்ல, கம்பெனி அமர்த்தும் ஒரு ஏஜென்சி. ஒயிட்ஃபீல்டு, பெல்லந்தூர், எலக்ட்ரானிக் சிட்டி என்று எங்கிருந்து கிளம்பினாலும் பெரும்பாலும் இதே பேக்கேஜ்தான், பெயர் மட்டும் மாறும். அதனால் எந்த ஏஜென்சியையும் பெயர் சொல்லாமல், அந்தச் சேவை எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீடு, பதிவு, குத்தகை ஒப்பந்தம் ஆகிய மூன்றுக்கும் இந்தச் சேவை நன்றாகவே இருக்கிறது. பெங்களூரில் நடக்க வேண்டிய பத்திர வேலைக்குச் சுமார். பள்ளிக்கு அரைகுறை. வேலையை விட்டுவிட்டுக் கூடப் போகும் மனைவிக்கோ கணவருக்கோ ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. குடும்பம் அந்த ஊரில் ஒட்டுமா ஒட்டாதா என்பதைக் கடைசி இரண்டும்தான் முடிவு செய்கின்றன. பேக்கேஜ் எல்லாம் மணிக்கணக்கில்தான் கட்டப்பட்டிருக்கும். அந்த மணிகளை ஆபீஸ் போகிறவரைச் சுற்றியே செலவழிக்க விடாமல், வீட்டில் இருக்கப் போகிறவர் பக்கம் திருப்பி வாங்குங்கள்.

பத்திரத்தில் ஆரம்பிப்போம். நெதர்லாந்து நகராட்சிப் பதிவுக்குத் திருமணச் சான்றிதழும் ஒவ்வொருவரின் பிறப்புச் சான்றிதழும் அப்போஸ்டில் முத்திரையோடு வேண்டும். அப்போஸ்டில் என்பது வெளியுறவு அமைச்சகம் சான்றிதழின் பின்பக்கம் ஒட்டும் ஸ்டிக்கர். அமைச்சகத்தின் கட்டணம் ஒரு பத்திரத்துக்கு 50 ரூபாய். அதன் மேல் முகவர் கேட்பதெல்லாம் அலைச்சலுக்கும் கூரியருக்குமான கூலி. 2019 முதல் இந்த முத்திரை பெங்களூரிலும் சென்னையிலும் கிடைக்கிறது, டெல்லிக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முந்தைய படி ஒன்று உண்டு: சான்றிதழ் எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டதோ அந்த மாநில அரசு முதலில் அதை உறுதி செய்ய வேண்டும். நம் குடும்பங்கள் மாட்டுவது இங்கேதான். அப்பா பிறந்தது மதுரை, கல்யாணம் பதிவானது கும்பகோணம், குழந்தை பிறந்தது பெங்களூர். குழந்தையின் சான்றிதழ் கர்நாடக அரசு வழியே போகும். மற்ற இரண்டும் சென்னைத் தலைமைச் செயலகம் போய்த் திரும்ப வேண்டும். ஏஜென்சியின் கால அட்டவணையில் இது பெரும்பாலும் ஒரே வரியில், ஒரே நாள் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். அதை நம்பாமல், கிளம்புவதற்கு எட்டு வாரம் முன்னாலேயே தமிழ்நாட்டுப் பத்திரங்களைத் தனியாக அனுப்பிவிடுங்கள்.

பழைய சான்றிதழ்களில் மூன்று சிக்கல் வரும். ஒன்று, அலமாரியில் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்து வைத்திருப்பது. லேமினேட் செய்த தாளில் முத்திரையும் குத்த முடியாது, ஸ்டிக்கரும் ஒட்ட முடியாது. புதிதாக நகல் எடுப்பதைத் தவிர வழியில்லை. இரண்டு, முப்பது நாற்பது வருடம் முன்பு பதிவான பிறப்பில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது. மூன்று, முழுக்கத் தமிழிலேயே இருப்பது. நெதர்லாந்து நகராட்சிகள் டச்சு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளில்தான் பத்திரம் ஏற்கும். மற்ற மொழி என்றால் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்துத் தர வேண்டும். கணினியில் அச்சாகும் இருமொழிச் சான்றிதழை முதலிலேயே வாங்கிவிட்டால் மூன்றாவது தொல்லை இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை பெயர். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். கல்யாணச் சான்றிதழில் ‘கே. செந்தில்குமார்’ என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘செந்தில் குமார்’ என்று இரண்டு சொல்லாகப் பிரிந்திருக்கும். இன்னும் சிலர் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கும், முழுப்பெயரும் முதற்பெயர்க் கட்டத்தில் இருக்கும். நெதர்லாந்துப் பதிவேட்டில் அப்படிப்பட்ட பெயர் அப்படியே குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஏறிவிடும், முதற்பெயர் காலியாகிவிடும். அதன்பின் வங்கி, காப்பீடு, பள்ளி எல்லாம் அந்தப் பதிவேட்டிலிருந்துதான் பெயர் எடுக்கும். ஆன்லைன் படிவத்தில் முதற்பெயர் கட்டாயம் என்று சிவப்பில் நிற்கும், உங்களிடம் போட ஒன்றும் இருக்காது. தவிர, அப்பாவுக்குத் தாத்தா பெயர், பிள்ளைக்கு அப்பா பெயர், அம்மாவுக்கு அவர் அப்பா பெயர் என்று வீட்டில் ஆளுக்கொரு குடும்பப்பெயர் இருக்கும். இது தவறு அல்ல, மாற்ற வேண்டியதும் இல்லை. ஆனால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெற்றோர் பெயரும் பெற்றோரின் பாஸ்போர்ட் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். உறவைக் காட்ட அந்த ஒரு தாள்தான் இருக்கிறது. அது பதிவேட்டில் ஏறாவிட்டால் குழந்தைப்படி (பிள்ளை வளர்க்க அங்கே அரசு தரும் உதவித்தொகை) வாங்கும்போது மறுபடி அதே கேள்வி வரும்.

பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துப் போட வேண்டுமென்றால், லால்பாக் ரோடு சேவா கேந்திராவோ மாரத்தஹள்ளி சேவா கேந்திராவோ, அதை விசா விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். விண்ணப்பம் உள்ளே போன பிறகு பெயர் மாறினால் எல்லாம் பழையபடி முதலிலிருந்து. ஏஜென்சியிடம் முதல் அழைப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “எங்கள் எல்லாருடைய பத்திரங்களிலும் உள்ள பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்?” நல்ல ஏஜென்சி ஸ்கேன் கேட்டு ஒரு அட்டவணை போட்டு அனுப்பும். “அதெல்லாம் பிரச்சினை இல்லை சார்” என்று பதில் வந்தால் அந்த அட்டவணையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சாமான் ஏற்றுவதை அவர்கள் ஒழுங்காகவே செய்கிறார்கள். சர்வேயர் வீட்டுக்கு வந்து கன மீட்டர் கணக்கு எடுப்பார். அந்த எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இருபதடி கண்டெய்னரின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமானுக்குப் பொதுவாக அது முழுசாகத் தேவைப்படாது. அடுத்தவர் சரக்கோடு பங்கு போட்டு அனுப்பினால் செலவு குறையும், காத்திருப்பு கூடும். பெங்களூரில் சுங்கம் முடிந்து, சென்னைத் துறைமுகம் வழியாக ராட்டர்டாம் போய்ச் சேர, வாசலிலிருந்து வாசலுக்கு இரண்டு முதல் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 கடைசியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கியபின் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில் அந்தப் பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. ஆகவே குளிர் உடுப்பையும் பிள்ளையின் பள்ளிப் பையையும் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள்.

காப்பீட்டில் ஒரு கண்ணி உண்டு. நீங்களே கட்டிய பெட்டிக்குப் பட்டியலில் ‘பிபிஓ’ என்று குறிப்பார்கள், உடைமையாளர் கட்டியது என்று பொருள். அந்தப் பெட்டிக்குள் உடைந்தால் பொதுவாக இழப்பீடு கிடைக்காது. கண்ணாடி, பீங்கான், மிக்ஸி ஜார் எல்லாவற்றையும் அவர்கள் ஆட்களே கட்டட்டும். நெதர்லாந்துப் பக்கம் சுங்க வரி விலக்குக்கு, பொருள்களை ஆறு மாதமாவது நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும், நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பன்னிரண்டு மாதமாவது வசித்திருக்க வேண்டும். கொண்டுபோன பின் ஒரு வருடத்துக்கு விற்கவோ கொடுத்துவிடவோ கூடாது. போகிற அவசரத்தில் புது டிவி வாங்கி ஏற்றினால் அதற்கு வரி விழும்.

இனி சமையலறை. ஏஜென்சியின் எந்த வழிகாட்டியிலும் இது இராது, ஆனால் முதல் மாதத்து நிம்மதி பாதி இதில்தான். மின்சாரம் அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கிரைண்டர், மிக்ஸி இரண்டும் அப்படியே ஓடும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். எர்த் உள்ள ஐரோப்பியப் பிளக்கை எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்திவிடுங்கள். கிரைண்டருக்கு நாள்தோறும் தளர்வான அடாப்டர் வைத்து ஓட்டுவது நல்லதல்ல. டேபிள் டாப் கிரைண்டரைக் கட்டும்போது குழவிகளைக் கழற்றித் தனியே துணி சுற்றுங்கள். பாத்திரத்துக்குள்ளேயே விட்டால் அந்தக் கனம் பயணம் முழுதும் தண்டை ஆட்டிக்கொண்டே போகும்.

அடுப்புதான் பெரிய மாற்றம். புது வீடுகளில் பெரும்பாலும் கேஸ் இல்லை, இண்டக்‌ஷன்தான். அலுமினியக் குக்கர், பித்தளை உருளி, வெண்கலப் பானை எதுவும் அதில் சூடாகாது. கிளம்பும் முன் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு பாத்திர அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அடியில் நன்றாக ஒட்டுவதை வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டாததை ஊருக்கு அனுப்பிவிடுங்கள். இரும்புத் தோசைக்கல் அருமையாக வேலை செய்யும், அடி தட்டையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாவு புளிப்பது இன்னொன்று. பெங்களூர்க் குளிர்காலமே மாவைத் தாமதப்படுத்தும், அங்கே வீட்டுக்குள் 18, 19 டிகிரியில் இரவு வைத்த மாவு காலையில் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவை உள்ளே வைத்து மூடுங்கள். விளக்கின் சூடே போதும்.

விமானத்தில் என்ன எடுத்துப் போகலாம் என்பதிலும் குழப்பம் நிறைய. பால், இறைச்சி சேர்ந்தவை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கூடாது. நெய், பால்கோவா இரண்டும் இதில் அடக்கம். மீன் அப்படியல்ல, சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை அனுமதி. ஆக அம்மா கட்டிக் கொடுக்கும் கருவாடு போகலாம், நெய் போகக்கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கூடாது. 2019 டிசம்பர் 14 முதல் அந்தச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகலாம் என்று விட்டுவைத்திருப்பது அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்தும்தான். அங்கே போனபின் காய்கறிக்குச் சூரினாம் கடைகளைத் தேடுங்கள். சூரினாம் வழியாக வந்த இந்திய வம்சாவளியினர் ஹேக் நகரில் நிறைய. பாகற்காய் அங்கே ‘சொப்ரொப்போ’, காராமணி ‘கௌசபாண்ட்’. இந்த இரண்டு பெயரும் தெரிந்தால் பாதிப் பொரியல் முடிந்தது.

வீட்டு வேட்டையில் ஏஜென்சி தன் கூலிக்கு உழைக்கிறது. அங்கே வீட்டு விளம்பரத்தில் மூன்று சொல் வரும். ‘காஹ்ல்’ என்றால் வெறும் கூடு: தரை விரிப்பு இல்லை, திரை இல்லை, விளக்கு மாட்டும் இடத்தில் ஒயர் மட்டும் தொங்கும். ‘ஹெஸ்டோஃபேர்ட்’ என்றால் தரையும் திரையும் உண்டு, மேசை கட்டில் இல்லை. ‘ஹெமூபிலேர்ட்’ என்றால் எல்லாம் உண்டு. வாடகை குறைவு என்று முதல் வகையை எடுத்தால் லேமினேட் தரை போட வேண்டும். அடுக்குமாடியில் சத்தம் கீழே போகாதபடி பத்து டெசிபெல் குறைக்கும் அடிவிரிப்பும் கேட்பார்கள். வீட்டை விடும்போது அதையெல்லாம் கழற்றிக்கொண்டு போகச் சொல்லவும் ஒப்பந்தத்தில் இடம் இருக்கலாம். இரண்டு மூன்று வருடத் திட்டத்தில் போகும் குடும்பத்துக்கு நடுவகைதான் சரி.

ஒப்பந்தத்தில் ஏஜென்சி ஆள் பார்க்க வேண்டியவை: முன்பணம் அடிப்படை வாடகையில் இரண்டு மாதத்தைத் தாண்டக்கூடாது (2023 ஜூலையிலிருந்து சட்டம்). வீட்டுக்காரர் சார்பில் வேலை பார்க்கும் புரோக்கர் உங்களிடம் கமிஷன் கேட்கக்கூடாது. அந்த முகவரியில் நகராட்சிப் பதிவு செய்ய அனுமதி உண்டு என்று எழுதியிருக்க வேண்டும். கடைசி வரிதான் உயிர். முதல் மாதத்துக்கு ஏஜென்சியே தரும் தற்காலிக சர்வீஸ் அப்பார்ட்மெண்ட்டில் சில நேரம் பதிவு செய்ய விடமாட்டார்கள். பதிவு இல்லையென்றால் குடிமக்கள் எண் கிடைப்பதில் இழுபறி, அது இல்லாமல் மற்றதெல்லாம் இழுபறி. பெங்களூரில் இருக்கும்போதே, “தற்காலிக முகவரியில் பதிவு செய்யலாமா? இல்லையென்றால் எங்கே?” என்று மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள். சின்னக் குழந்தை இருந்தால் படிக்கட்டையும் நேரில் பார்க்கச் சொல்லுங்கள். டச்சு வீட்டுப் படிகள் ஏணி மாதிரி செங்குத்தானவை, மேலும் கீழும் தடுப்புக் கதவு போட இடம் வேண்டும்.

பதிவு நாள் வேலை சுலபம். நான்கு மாதத்துக்கு மேல் தங்க வருபவர் வந்த ஐந்து நாளுக்குள் பதிய வேண்டும். குடும்பம் முழுதும் நேரில் வர வேண்டும், அசல் பத்திரங்களோடு. ஐந்தோவன், ஆம்ஸ்டர்டாம், ஹேக், ராட்டர்டாம் ஆகிய ஊர்களில், வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கான எக்ஸ்பாட் மையங்கள் இருக்கின்றன. நகராட்சிப் பதிவையும் குடியிருப்பு அனுமதி அட்டையையும் ஒரே வருகையில் முடித்துவிடலாம். உங்கள் கம்பெனி அங்கீகரிக்கப்பட்ட ஸ்பான்சர் (வெளிநாட்டவரை வேலைக்கு அழைத்துவர அந்நாட்டு அரசு அங்கீகரித்த நிறுவனம்) என்றால் இந்த மையங்களே அருமையாகப் பார்த்துக்கொள்கின்றன. இதற்குக் கூட வர ஏஜென்சி ஆளுக்கு நான்கு மணிநேரம் எழுதியிருந்தால் அதை வெட்டுங்கள். அந்த நான்கு மணிநேரத்துக்கு வேறு தேவை இருக்கிறது.

வங்கி, சிம் கார்டு, இணையம் எதற்கும் ஆள் வேண்டாம். டிஜிடி எனும் அரசு லாகின் மட்டும் கவனம்: செயல்படுத்தும் குறியீடு தபாலில் வரும், 21 நாளுக்குள் போட வேண்டும். மருத்துவக் காப்பீட்டை நான்கு மாதத்துக்குள் எடுக்க வேண்டும். எப்போது எடுத்தாலும் வந்த நாளிலிருந்து பிரீமியம் கணக்காகும், ஆகவே தள்ளிப்போட்டு லாபம் இல்லை. பெரியவர் ஒருவருக்கு மாதம் சுமார் 150 யூரோவுக்கு மேல், பதினெட்டு வயதுக்குக் கீழ் இலவசம். வருடத்தில் முதல் 385 யூரோ மருத்துவச் செலவு உங்களுடையது, ஆனால் குடும்ப டாக்டரைப் பார்ப்பது அந்தக் கணக்கில் சேராது. வரியில் முப்பது சதவீதச் சலுகைக்கு (வெளிநாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட பணியாளரின் சம்பளத்தில் அந்தப் பங்குவரை வரி இல்லை) தகுதி இருந்தால் வேலையில் சேர்ந்த நான்கு மாதத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும். தாமதமானால் முன் தேதியிட்டுக் கிடைக்காது. 2027 முதல் அது 27 சதவீதம். அந்தச் சலுகையோடு கூடவே வரும் இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: சலுகை உள்ளவரும் அவர் குடும்பத்தாரும் இந்திய ஓட்டுநர் உரிமத்தைத் தேர்வு எழுதாமலே டச்சு உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். பதிவு செய்த 185 நாளுக்குப் பின் இந்திய உரிமத்தில் ஓட்ட முடியாது. மனைவியின் உரிமத்தையும் புதுப்பித்து எடுத்துப் போங்கள்.

வந்த முதல் வாரமே குடும்ப டாக்டரிடம் பெயர் கொடுங்கள். பக்கத்து டாக்டர்கள் பலர் புதியவரை எடுப்பதில்லை, இடம் கிடைக்கத் தேட வேண்டியிருக்கும். ஏஜென்சிக்கு இது நல்ல வேலை, டச்சில் பத்து இடத்துக்குப் போன் செய்ய அவர்களால்தான் முடியும். குழந்தைக்கு ஜுரம் என்று போனால் பாராசிட்டமால் கொடுத்து மூன்று நாள் பாருங்கள் என்பார்கள். பெங்களூரில் அன்று மாலையே ரத்தப் பரிசோதனை பார்த்துப் பழகியவர்களுக்கு இது அலட்சியம் போலத் தெரியும். அங்கே முறையே அதுதான். இரவிலும் வார இறுதியிலும் எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதை ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள், நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடக்கூடாது.

பள்ளியில்தான் இந்தச் சேவையின் மெலிவு தெரிகிறது. ஏஜென்சி கொடுப்பது பெரும்பாலும் சர்வதேசப் பள்ளிகளின் பட்டியலும் காத்திருப்பு விவரமும்தான். அரசு மானியம் பெறும் சர்வதேசப் பள்ளிகள் ஆண்டுக்கு ஐயாயிரம் யூரோவுக்கு மேல் வாங்குகின்றன, தனியார் பள்ளிகள் அதைவிடப் பல மடங்கு. டச்சு அரசுப் பள்ளி இலவசம். நான்கு வயதில் சேர்க்கலாம், ஐந்தில் கட்டாயம். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம், டச்சுப் பள்ளிதான். சீக்கிரமே பேச்சு வந்துவிடும், தெருவிலேயே கூட்டாளிகள் இருப்பார்கள். ஆறு முதல் ஒன்பது வரை என்றால் புதிதாக வந்த பிள்ளைகளுக்கான மொழி வகுப்பில் முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு மாற்றுவார்கள்.

பத்து, பதினொரு வயதுதான் யோசிக்க வேண்டிய வயது. தொடக்கப் பள்ளி எட்டாம் குரூப்பில் முடியும்போது, ஏறக்குறைய பன்னிரண்டு வயதில், ஆசிரியர் பரிந்துரையும் ஒரு தேர்வும் சேர்ந்து பிள்ளையைத் தொழில்சார் பாதையா, பல்கலைக்கழகப் பாதையா என்று பிரித்துவிடும். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகூட டச்சு தெரியாததால் தாழ்ந்த பாதைக்குப் போகக்கூடும். பின்னால் மாற வழி உண்டு, ஆனால் பிள்ளையின் மனசு என்னாகும் என்பது வேறு. அந்த வயதில் போகும் குடும்பம் சர்வதேசப் பள்ளிக் கட்டணத்தைக் கம்பெனியிடம் கேட்டு ஆஃபரில் எழுத வைக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பின் கேட்டால் கிடைக்காது. இதை ஏஜென்சி உங்களுக்குச் சொல்லாது, அவர்களுடைய ஒப்பந்தம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இன்னும் இரண்டு விஷயம். ஐந்து வயதுக்கு மேல் பள்ளி நாளில் ஊருக்குப் போக முடியாது. பொங்கலுக்கு இரண்டு வாரம் லீவு போட்டு வந்தால் அபராதம் வரும். தீபாவளி போன்ற மதக் கடமைக்கு ஒரு நாள் விடுப்பு உண்டு, இரண்டு நாள் முன்னதாகப் பள்ளியில் சொல்லிவிட வேண்டும். டிக்கெட் போடும் முன் பள்ளி நாட்காட்டியைப் பாருங்கள். அடுத்தது நீச்சல். எங்கு பார்த்தாலும் கால்வாய், பிறந்தநாள் விழாக்கள்கூட நீச்சல் குளத்தில். ‘ஏ’ டிப்ளோமா எனும் முதல் நிலை நீச்சல் சான்றிதழ் இல்லாத பிள்ளை கரையில் உட்கார்ந்திருக்கும். வகுப்புக்குக் காத்திருப்புப் பட்டியல் நீளம். வீடு முடிவான வாரத்திலேயே பெயரைக் கொடுங்கள்.

இப்போது, வேலையை விட்டுவிட்டுக் கூடப் போகிறவர். நம் குடும்பங்களில் இது பெரும்பாலும் மனைவி, பல நேரம் அவரும் பெங்களூரில் பத்து வருடம் வேலை பார்த்தவர். திறன்மிகு பணியாளரின் துணைக்கு அங்கே எந்த வேலையும் செய்ய முழு உரிமை உண்டு, தனி அனுமதி வேண்டாம், அட்டையிலேயே எழுதியிருக்கும். பேக்கேஜில் இவருக்கென்று இருப்பது ‘ஸ்பௌஸ் சப்போர்ட்’ என்று ஒன்றரை மணிநேர வீடியோ கால், பயோடேட்டா எப்படி எழுதுவது என்று. அது போதாது என்பது மட்டுமல்ல, தவறான இடத்தில் தொடங்குகிறது. முதல் மூன்று மாதத்தில் அவருக்கு வேண்டியது, தனியாகச் சைக்கிளில் போய் வரத் தெரிவது, கடையிலும் பள்ளி வாசலிலும் டச்சில் நான்கு வார்த்தை பேச வருவது, வாரம் ஒரு முறையாவது வீட்டுக்கு வெளியே அவரை எதிர்பார்க்கும் ஓர் இடம். அதற்குப் பின்தான் பயோடேட்டா.

டச்சுப் படிக்க இவர்களுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை, அதனாலேயே பலர் படிப்பதில்லை. ஆபீசில் ஆங்கிலம் போதும், கடையிலும் போதும் என்று இரண்டு வருடம் ஓடிவிடும். ஐந்து வருடம் கழித்துக் குடியுரிமைக்குப் போனால் ஏ2 எனும் அடிப்படை நிலை டச்சுத் தேர்வு கேட்பார்கள். அதைவிட முக்கியம், பள்ளி வாசலில் மற்ற அம்மாக்கள் பேசிக்கொள்வது டச்சில். ஆகவே பதிவு நாள் துணை, வங்கித் துணை, ஊர் சுற்றிக்காட்டும் அரை நாள் ஆகிய மணிகளைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவருக்கு நேர்முக டச்சு வகுப்பும் இரண்டு மணிநேரச் சைக்கிள் பயிற்சியும் கேளுங்கள். கேட்டால் தருகிறார்கள், கம்பெனி எச்ஆர் ஒப்புதல் மின்னஞ்சல் ஒன்று போதும். பெங்களூரிலேயே கிளம்பும் முன் இரண்டு மாதம் ஆன்லைனில் தொடங்கிவிடலாம். ஆம்ஸ்டல்வேன், ஐந்தோவன் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய, வார இறுதித் தமிழ் வகுப்பும் நடக்கும். டென் ஹெல்டரில் ஈழத் தமிழர்கள் கட்டிய வரதராஜ செல்வவிநாயகர் ஆலயம் இருக்கிறது. இதெல்லாம் மனசுக்குத் தெம்பு. ஆனால் தமிழ்க் கூட்டத்தோடு மட்டும் நின்றுவிட்டால் திங்கள் முதல் வெள்ளி வரை பகல் தனியாகவே கழியும்.

பேக்கேஜ் முடியும் தேதியும் தவறு. பெரும்பாலானவை வந்த முப்பது நாளில் முடிந்துவிடும். செப்டம்பரில் வந்த குடும்பத்துக்கு முதல் மாதம் சுற்றுலா போல இருக்கும். கஷ்டம் நவம்பரில் ஆரம்பிக்கும். டிசம்பரில் சூரியன் ஒன்பது மணிக்குச் சற்று முன் எழுந்து நாலரைக்கெல்லாம் போய்விடும். நம் போன்ற கருத்த தோலுக்கு அந்த வெயில் போதாது. நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்கச் சொல்வது அந்நாட்டு அரசின் பொது ஆலோசனையே. நான்கு வயதுக்குக் கீழ் எல்லாக் குழந்தைக்கும் அதே அளவு. மூன்று, நான்கு மணிநேரத்தை மூன்றாம் மாதத்துக்கு ஒதுக்கி வைக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். டாக்டர் மாற்ற, பள்ளியில் ஆசிரியரோடு டச்சில் பேச, வரிக் கடிதம் புரிந்துகொள்ள என்று வேலை தானாக வரும்.

அம்மா அப்பாவை அழைப்பது எந்தப் பேக்கேஜிலும் இல்லை, ஆனால் முதல் வருடத்தில் எல்லா வீட்டிலும் வரும் பேச்சு அது. ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். உங்கள் வீட்டில் தங்குவார்கள், செலவு உங்களுடையது என்று உறுதி சொல்லும் படிவத்தில் நீங்கள் அங்கே நகராட்சியில் நேரில் போய்க் கையெழுத்திட்டு முத்திரை வாங்க வேண்டும். பிறகு அசலைக் கூரியரில் ஊருக்கு அனுப்ப வேண்டும். நகராட்சி அப்பாயிண்ட்மெண்ட், கூரியர், பெங்களூரிலோ சென்னையிலோ விசா அப்பாயிண்ட்மெண்ட் மூன்றையும் கூட்டி இரண்டு மாதம் முன்னால் தொடங்குங்கள். வரச் சொல்வது ஏப்ரல் கடைசியில் இருக்கட்டும்: பகல் நீண்டிருக்கும், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அவர்கள் நடந்தே திரும்பலாம்.